1,300 ரூபாய்க்காகவா போகிறார்கள்?

கேள்வி: தமிழகத்தின் ஒரு மத்திய சிறையில் ஜெயிலராக இருக்கிறேன். கடந்த 14 மாதங்களில் என்னிடம் இருந்த இளம் காவலர்கள் 5 பேர் வேலையை விட்டுவிட்டார்கள். 3 பேர் குரூப் 4 தேறிப் போனார்கள், ஒருவர் எஸ்.ஐ. தேர்வில் வென்று போனார், ஒருவர் காரணமே சொல்லாமல் போய்விட்டார். இப்போது ஆறாவது பையனின் ராஜினாமா கடிதம் என் மேஜையில் கிடக்கிறது. நல்ல பையன். சம்பளத்தை உயர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. தலைமையகத்துக்கு எழுதினால் “ஆள் எடுப்பு நடக்கிறது” என்று பதில் வருகிறது. இந்த நாற்காலியில் இருந்துகொண்டு நான் என்னதான் செய்ய முடியும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் “நல்ல பையன்” என்று எழுதியிருந்தீர்களே, அந்த இரண்டு சொல்லுக்காகவே முதலில் நன்றி சொல்ல வேண்டும். உதவி ஜெயிலராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். போகிற காவலரைப் பற்றி அப்படி எழுதிய அதிகாரிகளை விட, “போனால் போகட்டும், இன்னொருத்தன் வருவான்” என்றவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். இப்போது அந்த இன்னொருத்தன் வருவதில்லை. வந்தாலும் நிற்பதில்லை.

சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். இரண்டாம் நிலைச் சிறைக் காவலரின் அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. குரூப் 4-இல் தேறி வி.ஏ.ஓ.வாகவோ இளநிலை உதவியாளராகவோ போகிறவருக்கு 19,500. இரண்டுக்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான். வித்தியாசம் 1,300 ரூபாய். பஞ்சப்படி சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி, கயிறு ஏறி, சீருடை வாங்கி, அப்பா அம்மாவோடு படம் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு பையன் 1,300 ரூபாய்க்காகவா அதையெல்லாம் கழற்றிக் கொடுக்கிறான்? நான் நம்பவில்லை. சாயங்காலம் 6 மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்பதற்காகப் போகிறான். தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே ஊருக்குப் போகலாம் என்பதற்காகப் போகிறான். அடுத்த வாரம் எந்த நாள் தன்னுடைய நாள் என்று தெரிந்து வாழலாம் என்பதற்காகப் போகிறான்.

அதற்காக 18,200 போதும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். போதாது. கொலை வழக்குக் கைதிகள் நடுவில் நின்று வேலை பார்க்கிறவருக்கும் தாலுகா ஆபீசில் ஃபைல் நகர்த்துகிறவருக்கும் ஒரே கல்வித் தகுதி வைத்துவிட்டு, முன்னவருக்கு 1,300 குறைத்துக் கொடுப்பது அநியாயம். எந்த மேடையில் வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். ஆனால் அந்த அநியாயத்தைத் திருத்தும் பேனா உங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பது டூட்டி சார்ட். பையன்கள் பெரும்பாலும் அந்தக் காகிதத்தால்தான் போகிறார்கள் என்பது என் அனுபவம். நீங்கள் பிடிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்தச் சிறை என்று வேண்டாம். நான் அப்போது துணை ஜெயிலர். காவலர்கள் உள்ளே போகும்போது செல்போனை மெயின் கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. சரியான விதி, நானும் கண்டிப்பாக நடத்தியவன். ஒருநாள் காலை திறப்புக்கு, அதாவது கைதிகளின் அறைகளைத் திறந்துவிடும் டூட்டிக்கு, வந்த ஒரு காவலரின் தாயார் ஏழரை மணிக்கு ஊரில் இறந்துவிட்டார். கேட்டுப் பெட்டிக்குள் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேட் காவலருக்குச் சத்தம் கேட்டது. ஆனால் அடுத்தவர் போனை எடுக்கக் கூடாதே. பதிலுக்கு வர வேண்டிய ஆள் வராததால், மதியம் கைதிகளைக் கணக்கெடுத்து முடிந்தும் அவரை இன்னொரு பிளாக்கில் நிறுத்திவிட்டார்கள். இரண்டரை மணிக்கு வெளியே வந்து போனைப் பார்த்தார். 43 தவறிய அழைப்புகள். கேட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த வேப்பமரத்தடியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டார். கடிதத்தில் “சொந்தக் காரணங்கள்” என்று எழுதியிருந்தார்.

அவருக்கு மாதம் 5,000 கூட்டிக் கொடுத்திருந்தால் நின்றிருப்பாரா? கேட்டில் ஒரு தரைவழித் தொலைபேசி, அந்த எண் ஒவ்வொரு காவலர் வீட்டிலும், “வீட்டிலிருந்து அவசரம் என்றால் பத்து நிமிடத்துக்குள் ஆளை மாற்றி வெளியே அனுப்ப வேண்டும்” என்று ஒரு வரி உத்தரவு. இது இருந்திருந்தால் நின்றிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த உத்தரவை நாளைக்கே போட உங்களுக்கு அதிகாரம் உண்டு.  தயவுசெய்து போடுங்கள்.

இனி டூட்டி சார்ட்டுக்கு வருகிறேன். இங்கே கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் தலைமையகத்துக்கு எழுதுவதால்தான் உங்களுக்கு அந்த ஒரு வரிப் பதில் வருகிறது.

இரவும் பகலும் ஆள் நிற்க வேண்டிய ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு டவர், அதாவது காவல் கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவர் என்றால் மூன்று பேர் போதும் என்று நம் துறை காலங்காலமாக நினைக்கிறது. ஒரு வருடத்துக்கு அந்த டவருக்குத் தேவை 365 பெருக்கல் 3, அதாவது 1,095 ஷிப்ட். ஒரு காவலர் வருடத்தில் எத்தனை நாள் வர முடியும்? வார ஓய்வு 52 போனால் 313. ஈட்டிய விடுப்பு 30, தற்செயல் விடுப்பு 12 போனால் 271. காய்ச்சல், பயிற்சி, சாட்சி சொல்ல கோர்ட்டு என்று இருபது நாளாவது போகும். மிச்சம் 250. 1,095-ஐ 250-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 4.4 வரும். மூன்று பேர் நிற்க வேண்டிய இடம் என்று நாம் நினைப்பது உண்மையில் நாலரைப் பேருடைய இடம்.

உங்கள் சிறையில் இப்படி 30 இடம் இருந்தால் மூன்று வீதம் 90 பேர் என்று அனுமதி கொடுத்திருப்பார்கள். தேவை 132. ஒரு காலியிடம்கூட இல்லாத நாளிலும் உங்களுக்கு 42 பேர் குறைவு. அந்த 42 பேருடைய வேலையை யார் பார்க்கிறார்கள்? அந்த 90 பேர்தான். தங்கள் வார ஓய்விலிருந்தும், விடுப்பிலிருந்தும், தூக்கத்திலிருந்தும் எடுத்துப் பார்க்கிறார்கள். 90-இல் 20 காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தினமும் பார்ப்பது அதுதான்.

இது நம் ஒரு சிறையின் கதையும் இல்லை. நாடு முழுக்கச் சிறைத்துறைப் பணியிடங்களில் சுமார் 30 சதவீதம் காலி. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்று சிறைச் சீர்திருத்தத்துக்கான நீதிபதி முல்லா குழு 1983-இல் சொன்னதைத்தான் மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடும் திரும்பச் சொல்கிறது. சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இந்தக் காலியிடங்களையே எடுத்து, ஏன் நிரப்பவில்லை என்று மாநிலங்களைக் கேட்டது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் நிரப்ப வேண்டியது மாநில அரசுதான். கைதி நெரிசல் வட மாநிலங்கள் அளவுக்கு இங்கே இல்லை என்பதால் நம்மூரில் இந்தப் பேச்சே எழுவதில்லை. ஆனால் டவரில் நிற்கிறவருக்கு, கீழே எத்தனை கைதி இருந்தாலும் இரவு அதே நீளம்தான்.

ஆகவே தலைமையகத்துக்கு “ஆள் போதவில்லை, காவலர்கள் மனச்சோர்வில் இருக்கிறார்கள்” என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு இடமாகப் பட்டியல் போடுங்கள். எது 24 மணி நேரம், எது காலைத் திறப்பிலிருந்து மாலையில் அறைகளைப் பூட்டும் லாக்கப் வரை மட்டும், எங்கே இருவர் சேர்ந்து நிற்க வேண்டும் என்று குறியுங்கள். போன மூன்று மாதத்தில் எத்தனை வார ஓய்வு வெட்டப்பட்டது, எத்தனை பேர் தொடர்ந்து 16 மணி நேரம் நின்றார்கள், அந்த நாட்களில் என்ன அசம்பாவிதம் நடந்தது என்பதை அதன் பக்கத்திலேயே வையுங்கள். தூங்கி விழுகிற காவலர் இருக்கும் இரவில்தான் சுவருக்கு மேலே பொட்டலம் பறந்து வருகிறது. அந்த இரண்டு தேதிகளும் ஒன்றாக இருப்பதைக் காட்டினால், நிதித்துறைக்கும் புரியும் மொழியில் உங்கள் கடிதம் பேசும்.

பதில் வரும்வரை? இருக்கிற ஆளை வைத்தே சில காரியங்கள் செய்யலாம். சார்ட்டை முதல்நாள் ராத்திரி ஒட்டுவதை நிறுத்துங்கள். பத்து நாளுக்கு முன் ஒட்டுங்கள், ஒட்டியதை மாற்றினால் மாற்றியவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வையுங்கள். வாரத்துக்கு ஒரு ஓய்வு கொடுக்க முடியாவிட்டால், பத்து நாளுக்கு ஒன்று என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்த ஒன்றைச் சுவரே இடிந்தாலும் வெட்டாதீர்கள். 2021-இல் போலீஸ் காவலர்களுக்கு வார ஓய்வு தரச் சொல்லி அரசு ஆணையே போட்டது. ஆணை வருவது ஒன்று, அது சார்ட்டில் வருவது இன்னொன்று என்பதை அந்தத் துறையில் இருக்கும் உங்கள் நண்பர்களைக் கேட்டாலே சொல்வார்கள். நிச்சயமாக வரும் என்று தெரிந்த ஒரு ஓய்வு, வருமோ வராதோ என்கிற நாலு ஓய்வைவிட மேல்.

இன்னொன்றை நேரடியாகக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் பட்டியலில் பெயர் இருந்தும் சிறைக்குள் வராதவர்கள் எத்தனை பேர்? அதிகாரி வீட்டுத் தோட்டம், அதிகாரி வீட்டுச் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது? ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்தாயிற்று. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் போலீஸ் ஆர்டர்லிகள் விஷயத்தில் கடுமையாகவே பேசியது. 2024-இல் சிறைக் காவலர்களையே அதிகாரிகள் வீட்டு வேலைக்கு வைத்திருப்பது பற்றிய வழக்கும் அங்கே வந்தது. உங்களிடம் அப்படி இரண்டு பேர் இருந்தால் அந்த இருவரும் நாளைக் காலை ரோல் காலில் நிற்கட்டும். ஆள் கூடுவது ஒரு லாபம். மற்ற 88 பேர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறுமே, அதுதான் பெரிய லாபம். வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர் வெட்கத்தில் குமைகிறார், அவருக்குப் பதிலாக டவரில் நிற்பவர் ஆத்திரத்தில் குமைகிறார். இரண்டு பேருமே குரூப் 4 புத்தகத்தைத்தான் எடுக்கிறார்கள்.

டவரில் குடிதண்ணீரும், இறங்கிப் போய்வர பத்து நிமிடம் மாற்று ஆளும் உண்டா என்று ஒருமுறை நீங்களே இரவு 2 மணிக்கு ஏறிப் பாருங்கள். பெண் காவலர்கள் விஷயத்தில் இதை இன்னும் அவசரமாகப் பாருங்கள். மகளிர் சிறைகளில் எண்ணிக்கையே சிறியது, ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மிச்சம் இருப்பவர்கள் முதுகில்தான் அத்தனையும் விழுகிறது. உடை மாற்ற ஒரு கதவு சாத்துகிற அறைகூட இல்லாத சிறையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அரசாணை எதற்கு? ஒரு தச்சர் போதும்.

குவார்ட்டர்ஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கசிகிற கூரைக்குக் கீழே குழந்தையை விட்டுவிட்டு வருகிறவரிடம் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. மழைக்கு முன் பொதுப்பணித் துறைக்கு நினைவூட்டுங்கள்.

மேலே கேட்க வேண்டியவற்றில் என் வரிசை இது. முதலில் அந்த 1,300 போக வேண்டும், ஊதியக் கட்டு குறைந்தபட்சம் இளநிலை உதவியாளருக்குச் சமமாக வேண்டும். அடுத்தது, ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அதற்குத் தனி ஊதியம். காவலருக்கு அது நாலு காசு. அரசுக்கு அது ஒரு கடிவாளம். இலவசமாகக் கிடைக்கிற வரை யாரும் அடுத்தவர் ஓய்வை மதிக்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் ஆள் எடுப்பதே மலிவு என்று நிதித்துறையே சொல்லும்.

மூன்றாவது பதவி உயர்வு. என்னைக் கேட்டால் சம்பளத்துக்கு நிகரான விஷயம் இது. போலீசில் சேர்கிற இரண்டாம் நிலைக் காவலர், வருடக் கணக்கிலேயே முதல் நிலை, தலைமைக் காவலர், எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) என்று ஏறிவிடுகிறார், ஓய்வு பெறும்போது தோளில் நட்சத்திரம் இருக்கும். அதே தேர்வை எழுதி சிறைக்கு வந்தவருக்கும் அதே வேகத்தில், அதே உயரம் வரை ஏணி வேண்டும். உதவி ஜெயிலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது. உங்கள் காவலர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள் என்று அடித்துச் சொல்வேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் அவர்களுக்கு இரவு டூட்டியைக் குறைத்துப் படிக்க விடுங்கள். அடுத்த துறைக்குப் படிப்பவனைத் திட்டுவதைவிட நம் துறைக்குள்ளேயே மேலே போகப் படிக்க வைப்பது நல்லது. அப்படி ஒருவர் உதவி ஜெயிலராகிவிட்டால், அவரைப் பார்த்துப் பத்துப் பேர் நிற்பார்கள்.

ஆள் எடுப்பு பற்றித் தலைமையகம் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதன் அளவைப் பாருங்கள். சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே தேர்வு வைக்கிறது. 2023 அறிவிப்பில் மொத்தம் 3,359 இடம், அதில் சிறைக் காவலர் 86. 2025-இல் 3,644-க்கு 180. இந்த எண்ணிக்கை தமிழகத்தின் ஒன்பது மத்திய சிறைகளுக்கும் மற்ற கிளைகளுக்கும் சேர்த்து. இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தத் தேர்வு எழுதுகிற பையனின் மனசில் இருப்பது போலீஸ் யூனிஃபார்ம். அது கிடைக்காதபோது கிடைத்ததுதான் சிறை. நம் வாசலுக்கு வருகிறவர்களில் பலர் ஏமாற்றத்தோடுதான் வருகிறார்கள். முதல் மாதத்தில் அந்த ஏமாற்றத்தை யாராவது மாற்றாவிட்டால் அப்புறம் மாறுவதில்லை. புதுப் பையனை முதல்நாளே தண்டனைக் கைதி பிளாக்கில் தனியாக நிறுத்தாதீர்கள். பதினைந்து வருடம் ஆன ஒரு நல்ல தலைமைக் காவலரோடு ஒரு மாதம் ஜோடி போடுங்கள். கைதியிடம் குரலை உயர்த்தாமல் எப்படிப் பேசுவது, ஒரு பிளாக் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம், மனு எழுதத் தெரியாத ஒருவனுக்கு நாலு வரி எழுதிக் கொடுப்பது எப்படி ஒரு கலவரத்தைத் தடுக்கும் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இந்த வேலையில் ஒரு மனிதனைத் திருத்தவும் முடியும் என்று கண்ணால் பார்த்தவர் அவ்வளவு சுலபமாக விட்டுப் போக மாட்டார்.

பழைய கைகள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 2010-க்குப் பிறகு சிக்கனம் என்று சொல்லி, கைதிகளோடு நேரடியாக வேலை பார்க்கும் ஊழியர்களில் நாலில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். அனுபவசாலிகள்தான் முதலில் போனார்கள். சிறைகளில் வன்முறை ஏறியது. பதறிப்போய் 2016-இல் 2,500 பேரைப் புதிதாக எடுப்போம் என்று அறிவித்தார்கள். 2017-இல், ஆள் கிடைக்காத சிறைகளுக்கு வருடம் 5,000 பவுண்டு வரை கூடுதல் ஊதியமும் கொடுத்தார்கள். ஆட்கள் வந்தார்கள். ஆனால் நிற்கவில்லை. 2022-23 வாக்கில் ஒரே ஆண்டில் பத்தில் ஒருவருக்கும் மேல் வேலையை விட்டார்கள். கற்றுக்கொடுக்க மூத்தவர் இல்லாத பிளாக்கில் இருபத்திரண்டு வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பயந்து நின்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்களிடம் இருக்கும் பத்து, பதினைந்து வருடக்காரர்களை முதலில் பத்திரப்படுத்துங்கள். சின்னத் தப்புக்கு அவர்களுக்கு மெமோ நீட்டுமுன் ஒரு இரவு பொறுங்கள். செல்போன் கடத்தியவருக்கு, கைதியை அடித்தவருக்குக் கருணை வேண்டாம், அதில் நான் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டுக் கண் அசந்தவருக்குக் கொடுக்கிற மெமோ, நியாயப்படி சார்ட் போட்டவருக்குப் போக வேண்டியது.

வேலைநிறுத்தம் செய்யவோ தெருவில் இறங்கவோ முடியாதவர்கள் இவர்கள். அவர்களுக்காக எழுத வேண்டியவர் நீங்கள்தான். எழுதினால் உங்கள் பெயர் மேலே கெட்டுப்போகுமோ என்ற பயம் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிந்தது. புகாராக எழுதினால் கெடலாம். கணக்காக எழுதுங்கள், தேதி போட்டு, எண் போட்டு, குரலை உயர்த்தாமல். நான் எழுதிய மூன்றில் இரண்டு குப்பைக்குத்தான் போயிருக்கும். மூன்றாவதற்கு எனக்கு 11 பேர் வந்தார்கள்.

இனி மேஜையில் கிடக்கும் அந்த ஆறாவது கடிதம். அதை இன்றைக்கே மேலே அனுப்பாதீர்கள், மறைத்தும் வைக்காதீர்கள். பையனை ஆபீசுக்குக் கூப்பிட வேண்டாம், அங்கே அவன் விறைப்பாக நின்று “ஒண்ணுமில்லை சார்” என்றுதான் சொல்வான். டூட்டி முடிந்து போனை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது நீங்களும் வெளியே வாருங்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, “போகாதே” என்று சொல்லாமல், கடைசியாக எந்த ஓய்வு நாளில் முழுசாக வீட்டில் இருந்தாய் என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்கிற தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்றால் சந்தோஷம். போவதென்றே முடிவெடுத்திருந்தால், தடையின்மைச் சான்றையும் பணிப்பதிவேட்டையும் அலைய விடாமல் முடித்துக் கொடுத்து, நல்லபடியாக அனுப்பி வையுங்கள். போகிறவரை எப்படி அனுப்புகிறோம் என்பதை இருக்கிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன மூன்று மாத டூட்டி சார்ட்டை, பெயர்களை மறைத்துவிட்டு, இந்த முகவரிக்கே எனக்கு அனுப்புங்கள். இடவாரியாக 4.4 கணக்கை நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.